துல்மாவின் நெற்றிப் பொட்டு

உலான்பாத்தர்
9 மார்ச் 2014

அன்புள்ள அண்ணிக்கு,

மங்கோலியாவுக்குப் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. வெளியே போனால் மூக்கு மட்டும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? அபிக்குச் சளி விட்டதா, பள்ளிக்கூடம் போகிறாளா?

நல்லது கெட்டதுக்கு மட்டும் போன், மற்றதெல்லாம் கடிதம், ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு முகம் வரைந்திருக்க வேண்டும் என்று நீங்கள் போட்ட கண்டிஷன் நினைவிருக்கிறது. ஓரத்தில் இருப்பவர் இந்த ஒரு வருட ஓவியப் பயிற்சியில் எங்கள் ஆசிரியர். மீசை நான் சேர்த்தது இல்லை, நிஜமாகவே அப்படித்தான்.

அண்ணி, இந்த ஊர் ஓவியத்தில் நிழலே கிடையாது. கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் ஐந்து வருடம் நிழல் நிழல் என்று என் உயிரை வாங்கினார்கள். ஜன்னல் எந்தப் பக்கம், மூக்கின் நிழல் எந்தப் பக்கம் என்று பார்த்துப் பார்த்துத்தான் எண்ணெய் வண்ணத்தில் முகம் போடக் கற்றேன். இவர்கள் பருத்தித் துணியைச் சட்டத்தில் நூலால் இழுத்துக் கட்டுகிறார்கள். சுண்ணப்பொடியைத் தோல்பசையில் குழைத்துப் பூசிக் கல்லால் தேய்த்து வழவழப்பாக்குகிறார்கள். அதன் மேல் கல்லை அரைத்து எடுத்த வண்ணம். மூக்குக்கு ஒரே ஒரு கோடு. அந்தக் கோட்டிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சோறே இறங்கவில்லை.

எங்களுக்குக் கொடுத்திருக்கும் வேலை இதுதான். ஒரு மங்கோலியப் பெண்ணின் முகம். இந்த ஊர் முறையும் நாங்கள் படித்த ஐரோப்பிய முறையும் ஒரே துணியில் சண்டை போடாமல் இருக்க வேண்டும். ஆறு பேர், ஆளுக்கு ஒரு படம், அக்டோபரில் கண்காட்சி. மற்ற ஐந்து பேரும் அழகான பெண்களாகப் பார்த்துப் பிடித்துவிட்டார்கள். எனக்கு இன்னும் முகம் கிடைக்கவில்லை.

அபிக்கு என் முத்தம்.

உங்கள் நாத்தனார்,
இசைப்பிரியா

•

நெய்வேலி, பிளாக் 18
4 ஏப்ரல் 2014

அன்பு பிரியாவுக்கு, அண்ணி கண்ணகி எழுதிக்கொள்வது.

உன் கடிதம் இருபத்திரண்டு நாள் ஊர் சுற்றிவிட்டு வந்து சேர்ந்தது. நாங்கள் இரண்டு பேரும் சௌக்கியம். அபிக்குச் சளி விட்டது, வாய் விடவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு. கோட்டைக் கழற்றாதே.

உன் ஆசிரியரை டிவி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் தனபாக்கியம் அக்கா பார்த்துவிட்டு, "யாரு, பிரியாவுக்குப் பாத்துகினு இருக்கிற மாப்ளயா? வயசு கூடத் தெரியுதே" என்றாள். அவளுக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

முகத்தைத் தேடிக்கொண்டு அலையாதே. சுரங்க ஸ்டோர்ஸில் நான் நட்டு தேடினால் போல்ட்டுதான் கையில் வரும். உன் அண்ணன் தவறிப்போய், அவர் வேலையை எனக்குக் கொடுத்து நான்கு வருடம் ஆகிறது. இப்போதுதான் எந்தச் சாமான் எந்த ராக்கில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறேன்.

வெளிநாட்டுத் தபாலுக்கு எவ்வளவு ஸ்டாம்ப் என்று விசாரித்து வந்து ஒட்டிக் கொடுத்தது எங்கள் செக்‌ஷன் தனகோட்டி. பன்னிரண்டு வருடம் கான்ட்ராக்டில் கிடந்து, போன வருடம்தான் பர்மனென்ட் ஆனவர்.

உன்னிடம் ஒரு விஷயம் கேட்க நினைத்தேன். அவசரம் இல்லை, அடுத்த கடிதத்தில் பார்ப்போம்.

கண்ணகி

•

உலான்பாத்தர்
2 மே 2014

அன்புள்ள அண்ணி,

நான் நலம், நலத்துக்கும் மேலே. முகம் கிடைத்துவிட்டது.

நகரத்துக்கு வெளியே ஒரு நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது என்றார்கள். நெய்வேலிக்காரிக்கு இது போதாதா? பஸ் ஏறிவிட்டேன். அங்கே கரி கன்னங்கரேல் என்று மின்னுகிறது. நம் பழுப்பு நிலக்கரியைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது பெரிய இடத்துப் பெண் மாதிரி தெரிந்தது. வாசலில் ஒரு டீக்கடை. உப்புப் போட்ட பால் டீ, பழகினால் குடிக்கலாம். அங்கே உட்கார்ந்திருந்தார் துல்மா.

ஐம்பத்தெட்டு வயது. இருபத்தொரு வருடம் சுரங்கத்தில் டம்பர் லாரி ஓட்டியவர். காற்று அடித்து அடித்துக் கன்னம் இரண்டும் செங்கல் நிறம். எனக்குத் தெரிந்த அரைகுறை மங்கோலியனில், உங்களை வரையலாமா என்று கேட்டேன். முடியாது என்றார். என் அண்ணியும் சுரங்கத்தில்தான் வேலை செய்கிறார் என்றேன். என் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னதை நம் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன், அந்தக் குரலுக்கு அதுதான் பொருந்துகிறது. "வரஞ்சிக்கோ. ஆனா பொம்ம மாரி வரையாத. நான் வண்டி ஓட்னவ."

இன்னொரு சங்கதி. முதல் புருஷன் இறந்து நான்கு வருடம் கழித்து, ஐம்பது வயதில் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டாராம். அந்தத் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே எனக்கு டீ ஊற்றினார். ஓரத்தில் இருக்கும் முகம் துல்மாவுடையது. மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஆசிரியருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், தனபாக்கியம் அக்கா ஜோடி சேர்த்துவிடுவாள்.

ஏதோ கேட்க வேண்டும் என்றீர்களே, என்ன?

பிரியா

•

நெய்வேலி
27 மே 2014

அன்பு பிரியாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். வெயில் மட்டும் மனிதரை வறுத்தெடுக்கிறது. உன் குளிரில் பாதியை உறையில் போட்டு அனுப்பு.

துல்மா அம்மாளின் முகம் எனக்குப் பிடித்திருக்கிறது. எதற்கும் அசையாத முகம். தானே புயலில் கொம்பெல்லாம் முறிந்ததே நம் பின்வாசல் பலாமரம், இந்த வருடம் மறுபடி காய்த்திருக்கிறது. ஒரு பழத்தைத் தனகோட்டி வந்து அறுத்துக் கொடுத்தார். அவருக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது, விருத்தாசலத்தில் அம்மா மட்டும்தான். அதனால் கொஞ்சம் சுளை எடுத்துப் போகச் சொன்னேன். தப்பில்லையே.

அப்புறம், அந்த அம்மாள் மறுபடி கல்யாணம் செய்தபோது இறந்த புருஷன் வீட்டுக்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லையா? இறந்தவருக்குத் தங்கை யாராவது இருந்தாளா, அவள் என்ன நினைத்தாள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். பதில் எழுத மறந்தாலும் பரவாயில்லை.

கண்ணகி

அத்தை, நான் சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டேன். தனகோட்டி மாமா பின்னாடி புடிச்சிக்கினே ஓடி வந்தாங்க. அம்மா சிரிச்சாங்க. — அபி

•

உலான்பாத்தர்
20 ஜூன் 2014

அன்புள்ள அண்ணி,

சுகமாக இருக்கிறேன். விரல் பத்திலும் வண்ணம். பலாச்சுளை என்று எழுதி என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டீர்கள்.

உங்கள் கேள்வியைத் துல்மாவிடமே கேட்டேன். இறந்தவருக்கு ஒரு தங்கை இருக்கிறாள். இரண்டாவது கல்யாணத்துக்குத் துல்மா போட்ட 'தேல்', அதாவது இவர்கள் போடும் நீள அங்கி, அவள் கையால் தைத்ததாம். படத்தில் துல்மா போட்டிருப்பதும் அதே அங்கிதான். நீலப் பட்டு. அங்கியையும் பின்னால் மேகத்தையும் நிழல் இல்லாமல் கோட்டிலேயே போடுகிறேன். முகத்துக்கு மட்டும் ஜன்னல் வெளிச்சம், மெல்லிய வண்ணத்தை ஏழு எட்டு முறை பூசி. கழுத்தில் இரண்டும் சந்திக்கிற இடத்தில்தான் சிக்கல், தலையைத் தனியாக ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது. போன வாரம் முழுக்க அந்தக் காலரோடு மல்லுக்கட்டினேன். நேற்று நிழலை நான்கு மயிரிழைக் கோடுகளாக மாற்றி அங்கிக்குள் இறக்கினேன். பிடித்துக்கொண்டது. ஆசிரியர் மீசையைத் தடவினார். அவரிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

கன்னச் சிவப்பை நான் கொஞ்சம் குறைத்திருந்தேன். துல்மா கண்டுபிடித்துவிட்டார். "இருவத்தோரு வருசத்துக் காத்து அது. எங்க எடுத்துகினு போன?" என்று கேட்டார். திரும்ப வைத்துவிட்டேன்.

அது சரி, யார் இந்த தனகோட்டி? ஸ்டாம்ப் ஒட்டுகிறார், பலா அறுக்கிறார், சைக்கிள் பிடிக்கிறார். ஸ்டோர்ஸில் வேலையே இல்லையா அவருக்கு?

பிரியா

•

உலான்பாத்தர்
12 ஆகஸ்ட் 2014

அன்புள்ள அண்ணி,

ஏழு வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. அபிக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் போன் வந்திருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். இருவரும் நலம்தானே?

நான் நலம் இல்லை. பெரிய தப்புச் செய்துவிட்டேன்.

இங்கேயும் நம் கோயில் சிலைகளுக்குச் செய்வது போலவே கண்ணைக் கடைசியில்தான் திறக்கிறார்கள். கும்பகோணம் கல்லூரியில் கண்ணை முதலிலேயே போட்டுவிட்டு மற்றதைக் கட்டுவோம். இந்தப் படத்துக்கு இந்த ஊர் வழி என்று முடிவு செய்து, மூன்று மாதம் கண் இல்லாத துல்மாவோடு குடித்தனம் செய்தேன். நேற்றுக் காலை கண் திறந்தேன். அண்ணி, அவர் என்னைப் பார்த்தார். அத்தனை சந்தோஷம்.

பண்ருட்டியில் போர்டு எழுதும் கடையில் லீவு நாளெல்லாம் அம்மன் முகம் போட்டுக்கொண்டிருந்தேனே. நூறு முகம் போட்டிருப்பேன். கண் திறந்தால் அடுத்தது பொட்டுதான், கையை யோசிக்கவே விடமாட்டேன். நேற்றும் கை யோசிக்கவில்லை. உதட்டுக்குக் கலந்த சிவப்பு இன்னொரு தூரிகையில் இருந்தது. பார்த்தால், துல்மாவின் புருவ நடுவில் வட்டமாக ஒரு பொட்டு.

துடைக்க முடியாது, வண்ணம் சுண்ணப்பூச்சுக்குள் இறங்கிவிட்டது. சுரண்டினால் துணி தெரியும், மேலே பூசினால் திட்டாகத் தெரியும். புதிதாகப் போட நாள் இல்லை. ஆசிரியர் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். துல்மா அடுத்த வாரம் வருகிறார். அந்த அம்மாளின் நெற்றியில் நம் ஊர் வழக்கத்தை ஒட்டிவைத்துவிட்டு என்ன சொல்வேன்? நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு ஏதாவது வழி சொல்லியிருப்பீர்கள்.

எழுதுங்கள், அண்ணி.

பிரியா

•

நெய்வேலி
14 ஆகஸ்ட் 2014

அன்பு பிரியாவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். அபிக்குப் பரீட்சை, எனக்கு ஸ்டாக் சரிபார்ப்பு. மழை இரண்டு நாள் பெய்தது.

நீ கேட்டதற்குப் பதில்: தனகோட்டி எங்கள் செக்‌ஷனில் வேலை செய்பவர். வேறு ஒன்றும் இல்லை. இப்போது வீட்டுப் பக்கம் வருவதில்லை, நான்தான் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு ஸ்டாம்ப் நானே போய் வாங்கி ஒட்டினேன்.

படம் நன்றாக முடியட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

கண்ணகி

•

உலான்பாத்தர்
16 செப்டம்பர் 2014

அன்புள்ள அண்ணி,

நலம். உங்கள் கடிதமும் வந்தது. எட்டு வரி. பத்துத் தடவை படித்தேன். என் தப்பைப் பற்றி நான் எழுதியது உங்களுக்குக் கிடைப்பதற்கு முன்பே எழுதியிருக்கிறீர்கள் என்று தேதியைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். மற்றதும் புரிந்தது. அதற்கு முன்னால் துல்மா கதையை முடித்துவிடுகிறேன்.

வந்தார். படத்துக்கு முன்னால் நின்றார். கழுத்து, காலர், கன்னம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நெற்றிக்கு வந்தார். "இன்னா இது? எங்க ஊர்ல கொழந்தய ராத்திரியில வெளிய தூக்கினு போனா நெத்தியில கரி வெப்போம். இது ஏன் செவப்பா கீது?" என்றார். எங்கள் ஊரில் புருஷன் உள்ள பெண்கள் வைத்துக்கொள்வது, கை பழக்கத்தில் விழுந்துவிட்டது, மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "எனக்கு ரெண்டு புருசனாச்சே. இன்னொண்ணும் வெச்சிடு" என்றார். தாத்தா விழுந்து விழுந்து சிரித்தார். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன், எல்லாம் சந்தோஷத்தில்தான். பொட்டு இருக்கட்டும் என்று துல்மா சொன்ன பிறகு ஆசிரியரும் கதவைத் திறந்துகொண்டு வந்தார். யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியது உன் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்.

அத்தோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிளம்பும்போது துல்மா கேட்டார். "சொரங்கத்துல வேல செய்யறாங்களே ஒங்க அண்ணி, அவங்க வெச்சிருக்காங்களா?" இல்லை, அண்ணன் இறந்த பிறகு வைப்பதில்லை என்றேன். "யாரு எடுத்தது?"

அண்ணி, இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் கல்யாணத்தில் அண்ணன் முதல் முடிச்சுப் போட்டார். மற்ற இரண்டையும், தங்கை என்று நான் போட்டேன். எனக்கு அப்போது பதினாறு வயது, இறுக்கிப் போடு இறுக்கிப் போடு என்று பின்னாலிருந்து எல்லோரும் கத்தினார்கள். ஐந்து வருடம் கழித்து, அண்ணன் இறந்த பதினாறாம் நாள், அந்தத் தாலியைக் கழற்றிப் போடுவதற்குப் பால் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவளும் நான்தான். உங்கள் பொட்டை அழித்த ஈரத்துணி நான் நனைத்துக் கொடுத்தது. பெரியவர்கள் சொன்னார்கள், செய்தேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. துல்மாவிடம், நான்தான் எடுத்தேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துப் பார்த்தார்.

ஏப்ரல் கடிதத்திலிருந்து நீங்கள் ஏதோ கேட்க நினைக்கிறீர்கள். கேளுங்கள்.

பிரியா

•

நெய்வேலி
9 அக்டோபர் 2014

என் பிரியாவுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை, உன் கடிதத்திலேயே தெரிந்தது.

நீ கிண்ணம் பிடித்ததை நான் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். யார் பிடித்தார்கள் என்று இந்த நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. அதை நீ சுமந்துகொண்டு மங்கோலியா வரைக்கும் போயிருக்கிறாய், பைத்தியக்காரி.

இப்போது என்னுடையதைச் சொல்கிறேன். நீ மங்கோலியாவுக்குக் கிளம்பிய வாரத்தில் தனகோட்டி கேட்டார். கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, ஏதோ ரிஜிஸ்டர் கேட்கிற மாதிரி கேட்டார். "கான்ட்ராக்ட்காரனுக்கு யாருங்க பொண்ணு குடுப்பாங்க. இப்ப பர்மனென்ட். வயசு முப்பத்தெட்டு ஆயிட்சி. உங்களுக்கு இஷ்டம்னா சொல்லுங்க, இல்லன்னா இந்த டீயோட மறந்துடலாம்." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உடனே இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பிரியா. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

தனபாக்கியம் அக்கா என்ன பேசுவாள் என்பதில் எனக்குக் கவலை இல்லை. உனக்குத்தான் பயந்தேன். உன் அண்ணனுக்கு மிச்சம் இருப்பது நீயும் அபியும். அவள் குழந்தை, எதற்கும் சரி என்பாள். யார் அந்த தனகோட்டி என்று நீ கேட்டதும் உனக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்றுகூடக் கேட்காமல் தலையாட்டிவிட்டுப் போனார். அபி சைக்கிளை வெளியே எடுப்பதே இல்லை.

உன் சம்மதம் இல்லாமல் செய்ய மாட்டேன். வேண்டாம் என்று தோன்றினால் நீ பதில் எழுத வேண்டாம். சங்கடப்பட்டு எழுதாதே. இரண்டு மாதம் பார்ப்பேன், கடிதம் வராவிட்டால் புரிந்துகொள்வேன். அதற்காக உன்மேல் எனக்கு ஒரு நாளும் வருத்தம் இருக்காது.

கண்ணகி

•

உலான்பாத்தர்
31 அக்டோபர் 2014

என் அண்ணிக்கு,

கடிதம் நேற்றுச் சாயங்காலம் கைக்கு வந்தது. உடனே போன் போட்டேன், நீங்கள் வேலையிலிருந்து வரவில்லை, அபிதான் எடுத்தாள். அத்தை பதில் எழுதுகிறாள் என்று அம்மாவிடம் சொல் என்றேன். "சரி அத்தை, தனகோட்டி மாமாகிட்டயும் சொல்லிடவா?" என்று கேட்கிறாள் உங்கள் மகள். யாரும் யாருக்கும் எதையும் ஒளிக்கவில்லை போல, நீங்கள் மட்டும்தான் ஒளித்துவைத்திருக்கிறீர்கள். நல்ல செய்திக்குப் போன் என்பது உங்கள் கண்டிஷன். ஆனால் இது மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்க வேண்டிய செய்தி, அதனால் எழுதுகிறேன்.

முதலில் கண்காட்சி. துல்மாவைச் சுவரின் நடுவில் மாட்டினார்கள். புருவ நடுவில் என்ன என்று எல்லோரும் கேட்டார்கள். துல்மாவே பக்கத்தில் நின்றுகொண்டு, "இந்தப் பொண்ணு ஊருல வெக்கறது" என்று நாள் முழுக்கப் பதில் சொன்னார், எனக்கு வேலையே இல்லை. மாலையில் தாத்தாவோடு இன்னொரு அம்மாளும் வந்தார். இறந்த புருஷனின் தங்கை. படத்துக்கு ரொம்பக் கிட்டே போய், நான் வரைந்திருந்த அங்கியின் தையலை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சரியாக இருக்கிறது என்பதுபோலத் தலையாட்டினார். அண்ணி, இத்தனை மாதத்தில் யார் பாராட்டியும் எனக்கு அப்படிப் பூரித்ததில்லை.

இப்போது உங்கள் விஷயம். எனக்குக் கோபம் இல்லை. இருந்ததும் இல்லை. கொஞ்சம் அழுதேன், அது அண்ணனுக்காக. அப்புறம் சிரித்தேன், அது டீயோடு மறந்துவிடலாம் என்று சொன்ன மனிதருக்காக. அவரை நாளைக்கே வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், அபிக்குச் சைக்கிள் ஓட வேண்டும்.

ஓரத்தில் உங்கள் முகம். இத்தனை கடிதத்தில் உங்களை மட்டும் வரையாமல் வைத்திருந்தேன், நெற்றிக்கு வரும்போது கை நின்றுவிடும். நேற்று நிற்கவில்லை. கண் திறந்தேன், அடுத்துக் கை தானாகவே பொட்டுக்குப் போனது. இந்தத் தடவை தப்பு இல்லை.

மார்ச் மாதம் வருகிறேன். அதற்கு முன்னால் நாள் குறிக்கக் கூடாது. எனக்கும் ஒரு கண்டிஷன் இருக்கிறது. தனகோட்டிக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை என்று மே மாதமே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் உங்களுக்குப் பின்னால் நிற்க ஆள் வேண்டும். அவர் முதல் முடிச்சைப் போடட்டும். மற்ற இரண்டும் என்னுடையவை, இந்தத் தடவை யாரும் கத்தாமலேயே இறுக்கிப் போடுவேன்.

இனியும் உங்கள் நாத்தனார்,
இசைப்பிரியா